வலது கையில ‘அம்மா’: சிஏபிஎஃப் மெடிக்கலும் லேசர் கணக்கும்

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். “ஒரே சிட்டிங்ல டாட்டூ காலி”ன்னு ஒரு விளம்பர வீடியோ சுத்துது. எஸ்எஸ்சி ஜிடிக்கு, அதாவது மத்திய ஆயுதக் காவல் படை (சிஏபிஎஃப்) கான்ஸ்டபிள் தேர்வுக்கு ஓடிட்டிருக்கிற பசங்க அதைத்தான் கமெண்ட்ல போட்டு “அண்ணா, இது நிஜமா?”ன்னு கேக்குறாங்க. வலது கையில ‘அம்மா’ன்னு டாட்டூ போட்ட ஒரு தம்பியும் கேட்டிருக்கார். ‘ஒரே’ன்னு ஆரம்பிக்கிற எதுவும் எனக்கு ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. லேசர் பட்டதும் மை வெள்ளையாகுதுல்ல? மை போகல தம்பி. சூட்டுல தோலுக்குள்ள உண்டாகுற வாயுக் குமிழி அது. 20 நிமிஷத்துல அடங்கிடும், கறுப்பு திரும்ப எட்டிப் பார்க்கும். அதுக்கு முன்னாடியே வீடியோவை முடிச்சிடுறாங்க!

ரூலுக்கு வருவோம். பிஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் மாதிரி படைகளுக்கு டாட்டூ இடது முன்கையோட உள்பக்கம் இருக்கலாம், புறங்கையில இருக்கலாம். வலது முன்கை கூடாது, அது சல்யூட் அடிக்கிற கை. சாமி உருவம், பேரு எல்லாம் பிரச்சினை இல்ல. அதனால ‘அம்மா’ங்கிறது தப்பில்ல, அது வலது கையில இருக்கிறதுதான் தப்பு. ஆ, சைஸை விட்டுட்டேன். அந்தப் பகுதியில கால்வாசிக்கும் கம்மியா இருக்கணும்.

இப்போ காசு. இதைத்தான் எவனும் முழுசா சொல்றதில்ல. போர்டுல 1,500ன்னு போட்டிருக்கான்னு வைங்க. அது ஒரு சதுர அங்குலத்துக்கு, ஒரு சிட்டிங்குக்கு. உங்க டாட்டூ 2 சதுர அங்குலம், 8 சிட்டிங்னா 24,000. மரப்பு க்ரீம் தனி பில், கன்சல்டிங் தனி பில். போன்லயே “மொத்தம் எவ்வளவு”ன்னு கேளுங்க. “வந்து பாருங்க சார்”னு இழுத்தா போனை வச்சிடுங்க.

காசை விடக் கொடுமை நாள் கணக்கு. லேசர் மையைத் தூளாக்கத்தான் செய்யும், அந்தத் தூளை அள்ளிட்டுப் போறது உடம்போட வேலை. அதனால ரெண்டு சிட்டிங்குக்கு நடுவுல 6 முதல் 8 வாரம் விடணும். 8 சிட்டிங்னா நடுவுல 7 இடைவெளி, கம்மியா வச்சாலும் 42 வாரம். நோட்டிபிகேஷன் வந்தப்புறம் கிளினிக் தேடினா எப்படி முடியும்? மெடிக்கல்ல அன்ஃபிட் போட்டா ரிவ்யூ மெடிக்கலும், அதாவது மறுபரிசோதனையும் சீக்கிரமே வந்துடும், அந்த இடைவெளியில ஒண்ணும் அழியாது. வாராவாரம் அடிச்சா தோல்தான் வேகும்.

நம்ம நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள என்டி யாக் லேசர்தான் பாதுகாப்பு, கறுப்பு மைக்கும் அதுதான். சிவப்பு மைக்கு 532 நானோமீட்டர் வேணும், அதுல தோல் வெளுத்துப் போற ஆபத்து உண்டு. பச்சை கலர் மை அவ்வளவு சுலபமா போகாது. திருவிழாவுல கையால பச்சை குத்தினதுக்குப் பொதுவா கம்மி சிட்டிங் போதும், மை கம்மி.

ஆசிட், உப்பு வச்சுத் தேய்க்கிறது, ஆன்லைன் க்ரீம்... தொடவே தொடாதீங்க. தழும்பு கீலாய்டா தடிச்சா அதுக்குத் தனியா மெடிக்கல்ல பதில் சொல்லணும். கொப்புளம் வந்தா உடைக்காதீங்க, வாசலின் தடவி மூடி வைங்க. வெயில்ல கிரவுண்டுக்குப் போறவங்க ஃபுல் ஹேண்ட் போடுங்க.

ஒண்ணு மறந்துட்டேன். ஒவ்வொரு சிட்டிங் பில்லையும், தேதியோட போட்டோவையும் சிகிச்சைக்கு ஆதாரமா பத்திரமா வைங்க. 2024-ல டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் வேலைக்கு வந்த ஒருத்தர் வலது முன்கை டாட்டூவை அழிக்க சிகிச்சை எடுத்திருந்தார். டெல்லி உயர் நீதிமன்றம் கையைப் பார்த்துட்டு, வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லைன்னு அவர் பக்கம் நின்னுச்சு. பாதி அழிச்சிட்டுப் போனா அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது.