குடை பிடித்தவர் யார்?

வணக்கம் நேயர்களே. கேலிச்சித்திரத்தைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "ரேடியோவுல போய்ப் படம் காட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி சிரித்தாள். இருபது வருடமாக நான் வீட்டில் காட்டிக்கொண்டிருக்கிற படம்தானே, உங்களுக்கும் கொஞ்சம் காட்டுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் என் அம்மா. வெள்ளைக்காரன் காலத்துக் கேலிச்சித்திரம் ஒன்றின் ஜெராக்ஸ் கையில் கிடைத்தது. பத்திரிகையின் பெயர் இருந்த மேல் ஓரம் கிழிந்து போயிருந்தது. நடுவில் ஒரு துரை, எதிரே தலைவர்கள் சிலர். துரை யார், தலைவர்கள் யார் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏண்டா, ஓரத்துல ஒருத்தன் குடையை இடுக்கிட்டு நிக்கிறானே, அவன் யாரு?" என்று கேட்டாள்.

நான் அவனைப் பார்க்கவே இல்லை! அன்றிலிருந்து எந்தப் பழைய சித்திரம் கிடைத்தாலும் நடுவில் இருப்பவரை விட்டுவிட்டு ஓரத்துக்குத்தான் என் கண் போகிறது. முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள், கையைப் பாருங்கள். இதை இன்று இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடையையே எடுத்துக்கொள்வோம். நம் பாட்டுகளில் குடை அரசனுடையது, வெண்கொற்றக்குடை. ஊர் வழக்கிலும் எல்லோரும் குடை பிடித்துவிட முடியாது. தென் திருவிதாங்கூரில் நாடார்கள் குடை பிடிக்கவும் செருப்புப் போடவும் தடை இருந்தது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டிய ஊர்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட குடை, கறுப்புத் துணி போட்டு, கம்பி வைத்து, கடையில் காசு கொடுத்தால் கிடைக்கிற சாமானாகிவிட்டது. மாதச் சம்பளம் வாங்குகிற குமாஸ்தா அதை இடுக்கிக்கொண்டு ஆபீசுக்கு நடக்கிறார். சித்திரக்காரருக்கு அது போதும். ஒரு வளைந்த கைப்பிடியைப் போட்டால், இவர் குமாஸ்தா என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். அரசனின் குடை குமாஸ்தாவின் கக்கத்துக்கு வந்த கதையை விளக்கப் பெரிய புத்தகம் எழுதலாம். சித்திரத்தில் அதற்கு ஒரு கோடு.

செருப்பும் அப்படித்தான். 1862இல் சூரத் நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி என்ற பார்சிக்காரர், நீதிபதியின் முன் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று நின்றார். பெரிய வழக்காகிவிட்டது. செருப்பு அன்று அரசியல். ஆகவே படத்தில் ஒருவர் பூட்ஸ் போட்டிருக்கிறாரா, வெறுங்காலா என்று பாருங்கள். சும்மா வரைந்திருக்க மாட்டார்கள்.

சரி, இதை வைத்து யார் யாரைக் கேலி செய்தார்கள்? லண்டனில் 1841இல் 'பஞ்ச்' என்ற கேலிப் பத்திரிகை வந்தது. அதைப் பார்த்து இங்கேயும் முளைத்தன. லக்னோவில் 1877இல் 'அவத் பஞ்ச்', பம்பாயில் 'ஹிந்தி பஞ்ச்'. வெள்ளைக்காரர்கள் இங்கே நடத்திய பத்திரிகைகளில், கோட்டுப் போட்ட வங்காளி பாபுதான், அதாவது இங்கிலீஷ் படித்த வங்காளிதான், கேலிப்பொருள். இவன் நம்மைப் போல ஆகப் பார்க்கிறான் என்பது அவர்கள் சிரிப்பு. வேடிக்கை என்னவென்றால், அதே பாபுவைப் பார்த்து நம்மவர்களும் சிரித்தார்கள். இவன் நம்மை விட்டுப் போகப் பார்க்கிறான் என்பது இவர்கள் சிரிப்பு. வங்காள ஓவியர் ககனேந்திரநாத் தாகூர் வரைந்த 'நவீன தேசபக்தன்' ஞாபகத்துக்கு வருகிறது. தொப்பை, வாயில் சிகரெட்டு, உடம்பெல்லாம் சீமை உடுப்பு, மனசெல்லாம் பாரத மாதா!

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிரிக்கிறவர் எப்போதும் நியாயவாதி இல்லை. கல்கத்தாவில் காளிகாட் கோயில் பக்கம் விற்ற படங்களில் பெண் ஒருத்தி ஆணை ஆட்டுக்கிடாவாக்கிக் கயிறு கட்டி இழுத்துப் போவாள். படித்த பெண்ணை, செருப்புப் போட்ட பெண்ணைக் கிண்டல் செய்யாத பத்திரிகை அந்தக் காலத்தில் அபூர்வம். வரைந்தவரின் பயம் அது. பெண் உண்மையிலேயே வெளியே வரத் தொடங்கிவிட்டாள் என்பதற்கு அந்தப் பயமே சாட்சி. அதனால் அந்தப் படங்களை நான் வெறுப்பதில்லை, பத்திரப்படுத்துகிறேன்.

நம் ஊருக்கு வருவோம். 1906இல் சென்னையில் 'இந்தியா' வார இதழ் தொடங்கியது. ஆசிரியப் பொறுப்பில் பாரதியார். சிவப்புத் தாளில் அச்சாகி, முதல் பக்கத்தில் கேலிச்சித்திரத்தோடு வந்தது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. ஏன் படம்? 1901 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். திண்ணையில் ஒருவர் படித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். படமோ, படித்துக் காட்ட ஆள் இல்லாவிட்டாலும் பேசும். 1908இல் அரசாங்கம் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்தவர் சிறைக்குப் போனார், இதழ் புதுச்சேரிக்குப் போனது. முழுக்க முழுக்கச் சித்திரங்களாகவே 'சித்ராவளி' என்று ஒரு பத்திரிகை நடத்தவும் பாரதி ஆசைப்பட்டார். அது வெளிவரவே இல்லை. வந்திருந்தால்... சரி, விடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்து நண்பர் விரலைக் காட்டுகிறார். இன்னும் ஒரு நிமிடமாம். கேலிச்சித்திரக்காரர் மாலிக்காகப் பாதி நேரம் வைத்திருந்தேன், எல்லாவற்றையும் குடை தின்றுவிட்டது. 1930களில் 'ஆனந்த விகடன்' வழியாக மாலி தமிழ்நாட்டையே தன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். தில்லியில் 1932இலிருந்து 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' இதழில் சங்கர் என்ற இன்னொரு கேலிச்சித்திரக்காரர் வைசிராயையே வரைந்தார். பாரதி காலத்தில் பயந்து பயந்து தொட்ட துரையின் மூக்கு, சங்கர் கையில் சாதாரணமாக நீண்டது. அது தனியாகப் பேச வேண்டிய கதை.

ஒன்றே ஒன்று, அவசரமாக. வீட்டில் பழைய பத்திரிகைகள் இருந்து பைண்டிங்குக்குக் கொடுத்தால், அட்டையைக் கிழிக்க வேண்டாம் என்று பைண்டரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நூலகத்தில் ஐந்து வருட இதழ்களை அழகாகத் தைத்து வைத்திருந்தார்கள். உள்ளே எல்லாப் பக்கமும் இருந்தது, அட்டை மட்டும் ஒன்றுகூட இல்லை. சித்திரமெல்லாம் அட்டையில்தான் இருந்திருக்கிறது. நன்றி, வணக்கம்.