நாக்கு பாதி, காது பாதி

எல்லோருக்கும் வணக்கம். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இரண்டு விரல்களைக் குரல்வளை மேல் மெதுவாக வையுங்கள். இப்போது 'பம்பரம்' என்று சொல்லுங்கள். இன்னொரு தடவை, நிதானமாக. முதல் 'ப'வுக்காக உதடு மூடியிருக்கும்போது விரலில் ஒன்றும் தெரியாது. உதடு திறந்த பிறகுதான் அதிர்வு. அடுத்த 'ப'வுக்கோ உதடு மூடியிருக்கும்போதே அதிர்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. பேசத் தெரிந்த நாளிலிருந்து இரண்டையும் சரியாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் காதால் இதைக் கவனித்திருக்கிறோம்?

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உச்சரிப்பு சரியில்லை என்றதும் நாம் நாக்கைத்தான் திட்டுகிறோம். 'உனக்கு நாக்கு தடித்துப்போச்சு' என்கிறோம். பல சமயம் கோளாறு காதில் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கு, வீட்டில் பேசாத மொழிகளின் ஒலி வேறுபாடுகள் கூடக் கேட்கும். ஒரு வயது நெருங்கும்போது, சுற்றியிருப்பவர்கள் பேசும் மொழிக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைக் காது கவனிக்காமல் விட ஆரம்பித்துவிடுகிறது. காதுக்குப் பிடிபடாததை நாக்கு எப்படிச் சொல்லும்?

என் கதையையே சொல்கிறேன். பத்து வயது வரை எனக்கு ழகரம் வராது. 'மழை' என்று வாசிக்கச் சொன்னால் 'மளை' என்பேன். ஒருநாள் ஆசிரியர் வகுப்பின் முன்னால் நிறுத்தி, இருபது தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். இருபது தடவையும் 'மளை'. வகுப்பே சிரித்தது. அந்த அரைமணி நேரத்தில் நான் செய்தது என்ன? தப்பை இருபது முறை பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்புறம் என் அத்தை ஒரு வேலை செய்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு 'மழை', 'மளை' என்று மாற்றி மாற்றிச் சொல்வார். சரியானது கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். வாயைத் திறக்கவே கூடாது. முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பு. ஒரு வாரத்தில் கை தானாக எழுந்தது. அதன் பிறகுதான் 'இப்போ நீ சொல்லு' என்றார்.

சொல்லிக்கொடுத்த விதமும் வேறு. நீங்களும் செய்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள். 'அ...' என்று இழுத்துக்கொண்டே நாக்கின் நுனியை மேலே தூக்கிப் பின்னால் வளையுங்கள். அண்ணத்தை நெருங்கட்டும், ஆனால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அது ளகரம். நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டினால் லகரம். தொல்காப்பியம் பிறப்பியலில் 'நுனிநா அணரி அண்ணம் வருட' ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று சொல்கிறது. அணரி என்றால் மேல்நோக்கி வளைந்து. வருடுவது என்றால் உங்களுக்கே தெரியும், அழுத்தாமல் தடவுவது. என் ஆசிரியர் 'நாக்கை மடக்கு, மடக்கு' என்று மட்டும்தான் சொன்னார். நானும் நன்றாக மடக்கி அழுத்தினேன். ளகரம்தான் வந்தது!

கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்த வாக்கியத்தை வேகவேகமாகச் சொல்லச் சொல்வார்கள், தெரியுமல்லவா? விளையாட்டுக்குச் சரி, பயிற்சிக்கு உதவாது. வராத ஒலியை வேகமாகச் சொன்னால் பழைய பழக்கம்தான் முந்திக்கொண்டு வரும். வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பழகியதாக டெமாஸ்தனிஸ் என்ற கிரேக்கப் பேச்சாளரைப் பற்றி ஒரு கதை உண்டு. அதையும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், விழுங்கித் தொலைப்பீர்கள். கையில் இருக்கும் போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள், போதும். முதலில் 'ஐயோ, இதுவா என் குரல்' என்று இருக்கும். பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. அதனால் நமக்கு அது கொஞ்சம் கனமாகக் கேட்கிறது. பதிவில் இருப்பதுதான் மற்றவர்கள் கேட்கும் குரல்.

சரி, ழகரம் வராமலே ஒருவர் வாழ்ந்துவிடலாம். 'மளை பெய்யுது' என்றாலும் குடை எடுத்துக்கொண்டுதான் போவோம். இடம் புரியவைத்துவிடும். என்னைக் கேட்டால், தமிழில் அதைவிடப் பெரிய சிக்கல் வாக்கியத்தின் கடைசியை விழுங்குவது. யார், எப்போது, உண்டா இல்லையா, எல்லாவற்றையும் நம் மொழி கடைசிச் சொல்லின் வாலில்தான் வைத்திருக்கிறது. அங்கே வரும்போதுதான் நமக்கு மூச்சு தீர்ந்திருக்கும். ஒரு நண்பர் போனில் 'நாளைக்கு வரல' என்றார். எனக்கு 'வரலாம்' என்று கேட்டது. பேச்சில் அந்த 'ம்' உதடு மூடாமல் மூக்கிலேயே கரைந்துவிடுகிறதல்லவா? இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நண்பருக்கு உச்சரிப்புக் குறை எதுவும் கிடையாது.

திக்குவாய் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியவர்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பயந்ததால் வந்தது, நாக்கில் கோளாறு என்றெல்லாம் சொல்வார்கள். அப்படி இல்லை. திக்கிப் பேசுகிற பலர் பாடும்போது திக்குவதில்லை, நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் திக்குவதில்லை. அதே நாக்குதானே? பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளையின் வேலையோடு சம்பந்தப்பட்டது அது, குடும்பவழியாகவும் வருவதுண்டு. குழந்தைகள் பலருக்குத் தானே சரியாகிவிடும். நீடித்தால் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அழைத்துப் போங்கள். ஆனால் எதிரே நிற்கும் நாம் என்ன செய்கிறோம்? 'பதறாம சொல்லு' என்கிறோம். அல்லது அவர் சொல்ல வந்ததை நாமே சொல்லி முடிக்கிறோம், அதுவும் பெரும்பாலும் தப்பாக! வாயை மூடிக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அவர் முடிப்பார்.

காது மந்தமான பெரியவர்களிடம் கத்துவதும் இதே மாதிரிதான். வயதானால் முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. கத்தினால் உயிரொலிதான் பெருக்கும். 'சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் தெரியல' என்று அவர்கள் சொல்வது அப்படியே உண்மை. எதிரே வந்து, உதடு தெரிகிற மாதிரி நின்று, நிறுத்திப் பேசுங்கள்.

கடைசியாக விமானிகளைப் பற்றி. ரேடியோவில் பேசும்போது எண்களை வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு விதி இருக்கிறது. 'த்ரீ' அங்கே 'ட்ரீ', 'ஃபைவ்' அங்கே 'ஃபைஃப்', 'நைன்' அங்கே 'நைனர்'. பல நாட்டுக்காரர்களின் நாக்கைத் திருத்துவதைவிடச் சொல்லைத் திருத்துவது சுலபம் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

அதுவும் போதாமல் போன நாள் உண்டு. 1977 மார்ச் 27 அன்று, டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்திலிருந்து 'டேக் ஆஃபில் இருக்கிறோம்' என்ற பொருளில் சொன்னார்கள். கிளம்பிவிட்டோம் என்றா, கிளம்பத் தயார் என்றா? விமானங்களுக்கு அனுமதி கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் தயார் என்று எடுத்துக்கொண்டு, 'ஓகே' என்று தொடங்கி, காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் அடுத்த விமானமும் பேசியதால், ஓடுபாதையில் கிளம்பியிருந்தவர்களுக்கு 'ஓகே'க்குப் பிறகு ஒரு கீச்சொலிதான் தெளிவாகக் கேட்டது. இப்போது அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. விமானி தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கோபுரம் அதைச் சரிபார்க்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கேள்வி இருப்பவர்கள் எழுந்திருங்கள். ஒவ்வொரு கேள்வியையும் நான் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வேன். தப்பாகச் சொன்னால் 'அது இல்லை' என்று நிறுத்துங்கள். பின் வரிசையில் இருந்து ஆரம்பிக்கலாமா?