ஒரு பாட்டில் கோலா, 4,000 லிட்டர் குளத்துத் தண்ணீர்!

(திரையில்: 300 மில்லி கோலா பாட்டில், பின்னால் ஒரு குளம்)

வணக்கம் மக்களே! இந்த பாட்டிலைக் குடிக்காமல் குளத்தில் ஊற்றினால், 4,000 லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் காலி செய்கிற அளவு சரக்கு இதற்குள் இருக்கிறது. நம்ப முடியவில்லையா? கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுவோம். குளிர்பானக் கழிவு என்றாலே பிளாஸ்டிக் பாட்டில்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆலைக்குள் உருவாகிற கழிவில் பெரும்பகுதி தண்ணீர். திரும்பி வரும் கண்ணாடி பாட்டில்களைச் சூடான காஸ்டிக் சோடாவில் கழுவுகிறார்கள். ஆரஞ்சு முடிந்து லெமன் ஓட்டும்போது டேங்க், பைப் எல்லாவற்றையும் அலசுகிறார்கள். காலாவதியான சரக்கு வேறு திரும்பி வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அது தண்ணீரில் கலந்ததும் பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்கும். தின்னத் தின்ன ஆக்சிஜனை இழுக்கும். ஒரு கிராம் சர்க்கரை முழுதாகச் சிதைய சுமார் 1.1 கிராம் ஆக்சிஜன் தேவை. அப்படியென்றால் ஒரு பாட்டிலுக்கு 33 கிராம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதோ ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான். வகுத்துப் பாருங்கள், 4,000-ஐத் தாண்டும்! மூன்று பாட்டிலுக்கு ஒரு தண்ணீர் லாரி.

காற்றிலிருந்து ஆக்சிஜன் திரும்பக் கரையும், உண்மைதான். ஆனால் ஆலை நாள் முழுக்கத் திறந்துவிட்டால் குளம் ஈடுகொடுக்காது. நாம் வீட்டில் போடுகிற அதே சர்க்கரைதான், துளி விஷம் கிடையாது. இருந்தும் மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் வீட்டுச் சாக்கடை சில நூறு மில்லிகிராம் ஆக்சிஜன் கேட்கும். ஒரு லிட்டர் கோலா ஒரு லட்சம் மில்லிகிராமுக்கு மேல் கேட்கும்! கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் கேட்கும் இந்த ஆக்சிஜன் அளவைத்தான் பி.ஓ.டி. என்பார்கள். நம் நாட்டில் ஆற்றில் விடுகிற கழிவுநீருக்கு அதன் பொது வரம்பு லிட்டருக்கு வெறும் 30 மில்லிகிராம்.

எப்படிக் குறைப்பது? கோலா அமிலம், காஸ்டிக் சோடா காரம். ஒரே தொட்டியில் சேர்த்தால் ஒன்றை ஒன்று ஓரளவு அடக்கிவிடும். அப்புறம் காற்றே புகாத தொட்டி. 1970-களில் நெதர்லாந்தில் உருவான முறை இது. கீழிருந்து மேலே ஏறும் கழிவுநீரில் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்ட பாக்டீரியாக்கள் சர்க்கரையை மீத்தேனாக மாற்றுகின்றன. அந்த வாயுவை அதே ஆலையின் பாய்லரில் எரிக்கலாம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்! மிச்சத்துக்குக் காற்று ஊதும் தொட்டி.

கடைசியில் அடியில் தங்குவது சேறு. ஆலைக்காரர்கள் ஸ்லட்ஜ் என்பார்கள். இதில்தான் பிளாச்சிமடா வருகிறது. பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, எரவாளர், மலசர் பழங்குடி மக்கள் வாழும் ஊர். 2000-இல் அங்கே கோகோ-கோலா ஆலை வந்தது. அதன் சேற்றை உரம் என்று சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003-இல் பிபிசி வானொலி அதைச் சோதிக்கவைத்தபோது காட்மியமும் ஈயமும் இருந்தன. நிறுவனம் ஆபத்தில்லை என்றது. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ, வயலுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது. கிணறுகள் வற்றிக் கெட்டுப்போயின என்று மயிலம்மா போன்ற பெண்கள் முன்னால் நின்று நடத்திய போராட்டம் ஒருபக்கம். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2010-இல் அரசு அமைத்த குழு சொன்ன இழப்பு 216 கோடி ரூபாய். அதைப் பெற்றுத் தர 2011-இல் கேரள சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பாட்டிலிங் ஆலையில், குறிப்பாக ஈ.டி.பி.யில், அதாவது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிரிவில், வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் பார்க்கிறீர்களா? உங்கள் ஆலையின் சேறு லாரி ஏறி எங்கே போகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், ஆலையின் பெயர் வேண்டாம். அடுத்த வீடியோவை அதை வைத்தே செய்கிறேன்.