சி.வி.பி 4, பி.பி.வி 8: எதை நம்புறது?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை: சி.வி.பி-ன்னா இதயத்துக்கு ரத்தம் திரும்புற பெரிய சிரையில இருக்கிற அழுத்தம். பி.பி.வி-ன்னா ஒரு மூச்சுக்குள்ள பல்ஸ் பிரஷர் (மேல் பி.பி-க்கும் கீழ் பி.பி-க்கும் உள்ள வித்தியாசம்) எத்தனை சதவீதம் ஆடுதுங்கிறது. ஐ.சி.யூ-வுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கிற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "செப்சிஸ் (கடுமையான கிருமித் தொற்று) நோயாளி, வென்டிலேட்டர்ல இருக்கார், பி.பி-யை ஏத்துற மருந்து நாரட்ரெனலின் ஓடுது. சி.வி.பி 4 தான்னு இன்னும் 500 மில்லி சலைன் போடச் சொல்றாங்க. மானிட்டர்ல பி.பி.வி 8 காட்டுது. 13-க்குக் கீழ இருந்தா ஃப்ளூயிட்ல பலன் இருக்காதுன்னு நீங்க சொன்னீங்களே, எதை நம்புறது?"

ரெண்டு நாளா இது மனசுலயே ஓடிட்டு இருக்கு. அந்த 13-ஐச் சொன்னப்போ கூடவே ஒண்ணை அழுத்திச் சொல்லியிருக்கணும்.

சி.வி.பி-யை விட்டுடுங்க. 4 இருந்தும், ஃப்ளூயிட் குடுத்தா ஸ்ட்ரோக் வால்யூம் (ஒரு துடிப்புக்கு இதயம் வெளியேத்துற ரத்தம்) ஏறாதவங்க உண்டு, 12 இருந்தும் ஏறுறவங்க உண்டு. ஃப்ளூயிட் குடுக்கிறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இதயம் அதை வாங்கிக் கூடுதலா பம்ப் பண்ணும். மத்தவங்களுக்கு நுரையீரல்லயும் குடல்லயும் போய்த் தேங்கும்.

பி.பி.வி-க்கு வருவோம். வென்டிலேட்டர் காத்தைத் தள்ளுறப்போ இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையும். ரெண்டு மூணு துடிப்பு கழிச்சு வெளியே போற ரத்தமும் குறையும். ஒரு மூச்சுக்குள்ள பல்ஸ் பிரஷர் 50-க்கும் 40-க்கும் ஆடினா வித்தியாசம் 10, சராசரி 45, பி.பி.வி 22. ஆனா 13-ங்கிற அந்தக் கணக்கு, கிலோவுக்கு 8 மில்லியாவது டைடல் வால்யூம் (ஒரு மூச்சுக்கு உள்ளே போற காத்து) போற நோயாளிக்கு. நோயாளி தானா மூச்சு இழுக்கக் கூடாது, இதயத் துடிப்பு சீரா இருக்கணும். நாம இப்போ நுரையீரலைக் காப்பாத்த 6 மில்லிதான் வைக்கிறோம். தொட்டிலை ஒரு விரலால தள்ளிட்டு, ஆடலையேன்னு சொல்ல முடியுமா?

இதுக்கு வழி சொன்னது மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில மயாத்ரா குழு, 2017-ல. 6 மில்லியை ஒரே ஒரு நிமிஷம் 8 ஆக்குங்க. பி.பி.வி 3.5 புள்ளியோ அதுக்கு மேலயோ ஏறினா இதயம் ஃப்ளூயிடை வாங்கிக்கும். உங்க நோயாளிக்கு 8 இருந்தது 12 ஆனா, ஆமாம். 9-லயே நின்னா, பெரும்பாலும் இல்லை. பார்த்ததும் மறக்காம 6-க்குத் திருப்பிடுங்க.

இது முடியலைன்னா கால் தூக்குற டெஸ்ட். இதைப் பல தடவை சொல்லிட்டேன், இன்னும் சொல்வேன்: நோயாளியோட சொந்த பாட்டில் அவர் கால்லயே இருக்கு, சுமார் 300 மில்லி ரத்தம். ஒரு ஆஸ்பத்திரியில பார்த்தேன். மல்லாந்து படுத்திருந்தவரோட ரெண்டு காலையும் ரெண்டு பேர் கையால பிடிச்சுத் தூக்குனாங்க. அவருக்கு வலிச்சிருக்கு, முகம் சுருங்குது, துடிப்பு 96-லேர்ந்து 118, பி.பி-யும் ஏறுச்சு. "ரெஸ்பான்டர்"னு, அதாவது ஃப்ளூயிட்ல பலன் கிடைக்கிறவர்னு எழுதி ஒரு லிட்டர் ஓட்டுனாங்க. ராத்திரிக்குள்ள அவருக்கு வென்டிலேட்டர்ல குடுக்க வேண்டிய ஆக்சிஜன் 40 சதவீதத்துலேர்ந்து 70-க்குப் போச்சு. ஏறினது வலியால ஏறின பி.பி. அதனால தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்தி வச்சு ஆரம்பிங்க. நோயாளியைத் தொடாம, கட்டிலையே சாய்ச்சு உடம்பைப் படுக்க வச்சு காலை உயர்த்துங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள எக்கோவுலயோ கார்டியாக் அவுட்புட் மானிட்டர்லயோ, அவுட்புட் (இதயம் ஒரு நிமிஷத்துக்கு வெளியேத்துற ரத்தம்) 10 சதவீதம் ஏறுதான்னு பாருங்க. பி.பி-யை மட்டும் பார்த்தா போதாது. காலை இறக்கினதும் பழைய அளவுக்கு வரணும்.

ஆனா சகோதரி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு இருக்கு. இதயம் வாங்கிக்கும்னா, கண்டிப்பா குடுக்கணுமா? இப்போ எனக்குக் காலைத் தூக்கிப் பார்த்தாலும் அவுட்புட் ஏறும். எனக்கு சலைன் தேவையா? இல்லை. வாங்கிக்கும்ங்கிறது வேற, தேவைங்கிறது வேற. தேவையை முதல்ல பாருங்க: சிறுநீர், லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் பத்தலைன்னா ரத்தத்துல ஏறுறது), விரல்.

விரலுக்கு மெஷின் வேண்டாம். ஆள்காட்டி விரல் நுனியில கண்ணாடி ஸ்லைடை வச்சு வெளுக்கிற வரைக்கும் அழுத்தி, 10 விநாடி பிடிச்சு விடுங்க. நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல ஆச்சுன்னா மட்டும் அடுத்து டைடல் வால்யூம், கால், எல்லாம். அதுக்குள்ளயே சிவந்துட்டா, அந்த 500 மில்லியை மாட்டுறதுக்கு முன்னாடி டாக்டரைக் கூப்பிட்டு அந்த விரலைக் காட்டுங்க.