விளம்பரம் காட்டாத காத்திருப்பு

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

கருத்துப்போன வாணலியின் மீது ஒரு திரவத்தைப் பீய்ச்சி, பஞ்சை ஒரே ஒரு முறை இழுத்ததும், இழுத்த தடம் மட்டும் பளிச்சென்று மின்னும் விளம்பரத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை நம்பி வாங்கிய திரவத்தை வீட்டு வாணலியில் ஊற்றித் தேய்த்தபோது கை வலித்ததே தவிரக் கறை அசையவில்லை என்பதும் உங்களில் பலருடைய அனுபவமாக இருக்கும். அப்படியானால் இந்தப் பொருள்கள் எல்லாம் ஏமாற்று வேலையா என்று கேட்டால், இல்லை என்பதே என் விடை. அவற்றில் சில உண்மையாகவே வேலை செய்கின்றன. ஆனால் வேலை நடப்பது ஊற்றுவதற்கும் துடைப்பதற்கும் இடையிலுள்ள நேரத்தில். விளம்பரத்தில் வெட்டி எறியப்படுவதும் அதே நேரம்தான்.

பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய் எல்லாம் ஒரே தன்மையுடையதல்ல. சமைத்த அன்றே கழுவினால் எண்ணெய் இன்னும் எண்ணெயாகவே இருக்கும். பாத்திரம் கழுவும் சாதாரணத் திரவம் அதைச் சிறு துளிகளாக உடைத்து நீரோடு அனுப்பிவிடும். மெல்லிய படலமாகப் படிந்துவிட்ட எண்ணெயோ அடுப்புச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடுகிறது. முதலில் தொட்டால் ஒட்டும் மஞ்சள் படலம், பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு. ஓவியர் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காய்ந்து கெட்டியாவதும், வார்ப்பிரும்புச் சட்டியை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்குவதும் இதே வகை வேதிவினைகள்தாம். ஒரு சட்டியில் பாடுபட்டு உண்டாக்கும் பூச்சையே இன்னொரு சட்டியிலிருந்து பாடுபட்டு நீக்குகிறோம் என்பது வேடிக்கையான உண்மை.

உங்கள் பாத்திரத்தில் இருப்பது எது என்பதை அறிய நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்து நகக்கண்ணில் பிசுக்கு ஏறினால், வெந்நீரும் வழக்கமான கழுவுதிரவமும் போதும். நகம் எதையும் பெயர்க்காமல் வழுக்கிக்கொண்டு போனால், அது இறுகிய படலம். எவ்வளவு நுரை வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நுரையைக் கண்டு மயங்க வேண்டாம் என்பதை இன்றைய உரையில் இன்னும் ஒரு முறையாவது சொல்வேன்.

அந்தப் படலத்தை அவிழ்க்க வல்லது காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்த்தன்மை கொண்ட சோடா போன்ற பொருள். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்த சேர்மம் என்பதையும், காரம் அந்த இணைப்பை அறுத்துச் சோப்பை உண்டாக்குகிறது என்பதையும் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1823-லேயே விரிவாக விளக்கிவிட்டார். இறுகிய படலத்திலும் இத்தகைய இணைப்புகள் எஞ்சியிருப்பதால், காரம் அவற்றை அறுத்துப் படலத்தை ஊதச் செய்து தளர்த்துகிறது. ஆனால் காரம் எல்லாம் ஒரே வலிமை கொண்டதல்ல. அமில, காரத் தன்மைகளை அளக்கும் பிஎச் அளவில் சமையல் சோடாக் கரைசல் 8-க்குச் சற்று மேலேயும், சலவைச் சோடா ஏறத்தாழ 11-லும், காஸ்டிக் சோடா 13, 14-லும் நிற்கின்றன. இந்த அளவில் ஓர் எண் கூடுவது பத்து மடங்கு கூடுவதாகும். எனவே புட்டியின் முன்புறத்திலுள்ள எலுமிச்சைப் படத்தை விட்டுவிட்டுப் பின்புறத்திலுள்ள பொடி எழுத்துகளைப் படியுங்கள். காஸ்டிக் சோடாவின் வேதிப்பெயரான சோடியம் ஹைட்ராக்சைடு என்றோ, அதே வலிமையுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றோ இருந்தால் அந்தத் திரவத்துக்கு வலு உண்டு. அதற்கு அருகிலேயே, அரை மணி நேரம் ஊறவிடவும் என்றோ, இரவு முழுவதும் விடவும் என்றோ எழுதியிருப்பதையும் காண்பீர்கள். விளம்பரத்தில் வராத வரி அதுதான்.

இந்த இடத்தில், பாத்திரத்தோடு நேரடித் தொடர்பில்லாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1959-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோல்கேட்-பாமோலிவ் நிறுவனத்தின் சவரக் குழம்புக்கு ஒரு விளம்பரம் வந்தது. உப்புத்தாளின் மேல் குழம்பைப் பூசி, உடனே சவரக்கத்தியை இழுத்தால், தாளிலுள்ள மணல் முழுவதும் வழித்துக்கொண்டு வந்துவிடும். உப்புத்தாளையே சிரைக்கும் குழம்புக்குத் தாடி எம்மாத்திரம் என்று பார்ப்பவர் எண்ண வேண்டும். விசாரித்தபோது, அது உப்புத்தாளே அல்ல, மணல் தூவிய பிளாஸ்டிக் தகடு என்று தெரிந்தது. உண்மையான உப்புத்தாளையும் அந்தக் குழம்பால் சிரைக்க முடியும் என்பதுதான் இதில் சுவையான செய்தி. ஆனால் அதற்கு ஏறத்தாழ 80 நிமிடம் ஊற வேண்டும். உண்மையான உப்புத்தாள் தொலைக்காட்சியில் வெறும் வண்ணத்தாள்போல் தெரியும் என்று நிறுவனம் வாதாடியது. 1965-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஐஸ்கிரீம் விளக்குச் சூட்டில் உருகிவிடுவதால் மசித்த உருளைக்கிழங்கை வைத்துப் படமெடுப்பது வேறு, பொருளின் ஆற்றலுக்குச் சான்று என்று போலியைக் காட்டுவது வேறு என்று நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. ஒரே இழுப்பில் பளபளக்கும் வாணலியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த 80 நிமிடம் நினைவுக்கு வருகிறது. குழம்பு வேலை செய்தது, மறைக்கப்பட்டது நேரம்.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கச் சூடு உதவும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவான கணக்கு. சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் எவர்சில்வர் பாத்திரத்தை மூழ்க வைத்து, நீர் ஆறும்வரை விட்டுப் பாருங்கள். நீர் பழுப்பேறும், படலத்தின் விளிம்பு சுருங்கி எழும்பும், பிறகு மரக்கரண்டியின் முனையால் தள்ளினாலே வழவழவென்று ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். முழுக்கக் கரியாகிவிட்ட பகுதி மட்டும் எந்தக் காரத்துக்கும் கரையாது. சுற்றியுள்ள படலம் தளர்ந்த பிறகு அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சமையல் சோடாவின் மேல் வினிகரை ஊற்றிப் பொங்கவிடும் வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ள, கரியமில வாயு வெளியேறி, சோடியம் அசிட்டேட் என்னும் உப்பு கரைந்த நீர்தான் மிஞ்சுகிறது. பார்க்க அழகாகப் பொங்குகிறது, உண்மைதான். அந்த நீருக்கு இறுகிய எண்ணெயிடம் வேலை இல்லை. நுரை வேறு, வினை வேறு என்று மறுபடியும் சொல்லி வைக்கிறேன்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள்; தேய்க்கும் பொடிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், அதைச் சுருக்கித்தான் சொல்ல முடியும். ஆக்சாலிக் அமிலம் கலந்த பொடிகள் எவர்சில்வரில் சூட்டினால் தோன்றும் வானவில் நிறத்தையும் துருக்கறையையும் நீக்குவதில் சிறந்தவை. இறுகிய எண்ணெயில் அவற்றின் பயன் பெரும்பாலும் உராய்வினால் வருவதே. நான்ஸ்டிக் பூச்சின் மேல் அத்தகைய பொடியோ கம்பி நாரோ படக்கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் காஸ்டிக் சோடா கலந்த எதையும் ஊற்றாதீர்கள். அது உலோகத்தையே அரித்து, ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். சலவைச் சோடாவும் அதைக் கருக்கச் செய்யும். காரத் திரவத்தைக் கையாளும்போது கையுறை அணியுங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளுப்புத் திரவத்தையும் அமிலத்தையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகக் கலக்காதீர்கள். வெளிவருவது நச்சு வாயுவான குளோரின். நன்றி, வணக்கம்.