மூன்று விரல் மரத்துப் போகிறது, கழுத்தில் 'டக்' எடுக்கலாமா?

வணக்கம். போன காணொளியைப் பார்த்துவிட்டு கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஓர் அக்கா கேட்ட கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு வயது 48. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். "வலது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போகின்றன. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்று எழுப்பிவிடுகிறது. கைரோபிராக்டரிடம், அதாவது மூட்டையும் முதுகெலும்பையும் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை செய்கிறவரிடம் போனால், கழுத்தைத் திருப்பி ஒரு 'டக்' சத்தம், அதோடு சரியாகிவிடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எனக்குப் பயமாக இருக்கிறது. போகலாமா?"

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தத் தொழிலையே செய்கிறவன். போகலாம் அக்கா. ஆனால் அந்த 'டக்'கைக் கேட்டு வாங்கப் போக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. நிறைய பேர் "கை மரத்துப் போகிறது" என்று மொட்டையாகச் சொல்வார்கள். நீங்கள் எந்த விரல் என்று சொல்லிவிட்டீர்கள். நரம்புகள் விரல்களைப் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி, இவ்வளவும் மீடியன் நரம்பின் பங்கு. சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் அல்னார் நரம்பின் பங்கு. இன்றைக்கு ராத்திரி எழுந்திருக்கும்போது மோதிர விரலின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் சாதாரணமாகவும் இருந்தால், கழுத்தைவிட மணிக்கட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம் போகும்.

மணிக்கட்டுக்குள் ஒரு சிறு சுரங்கம் இருக்கிறது. தரையும் சுவரும் எலும்பு, கூரை ஒரு தடித்த தசைநார். அதற்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் இந்த மீடியன் நரம்பும் போகின்றன. காலை எட்டு மணி எல்ஆர்டி ரயில் மாதிரி நெருக்கம். யாராவது கொஞ்சம் வீங்கினால் நசுங்குவது நரம்புதான். இதற்குப் பெயர் கார்ப்பல் டனல். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு படுப்போம், சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறும். ராத்திரி எழுப்பிவிடுவது அதனால்தான்.

என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "தூக்கம் கலைந்தால் என்ன செய்வீர்கள்?" பாதிப் பேர் வாயைத் திறப்பதற்கு முன்பே, தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கையை உதறிக் காட்டுவார்கள். அதைப் பார்த்ததுமே பெரும்பாலும் கணக்கு தெரிந்துவிடும். இன்னொன்று நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதே மூன்று விரலில் சுருசுரு ஆரம்பித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

கழுத்திலிருந்தும் வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. கழுத்து நரம்பு அழுத்தப்பட்டால் பெரும்பாலும் கழுத்து வலியும் கூடவே இருக்கும். தலையைப் பின்னால் சாய்த்து வலிக்கிற பக்கம் திருப்பினால் தோளிலிருந்து கரண்ட் மாதிரி இறங்கும். சிலர் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் சுகம் என்பார்கள். முழங்கையில் அல்னார் நரம்பு அழுத்தப்பட்டும் வரலாம். கிராப் வாடகைக் கார் ஓட்டும் ஓர் அண்ணன் சுண்டு விரல் மரத்துப் போகிறது என்று வந்தார். ஃபெடரல் ஹைவே ஜாமில் மணிக்கணக்காக வலது முழங்கையைக் கதவு விளிம்பில் ஊன்றி உட்காருகிறவர். அவர் கழுத்தில் நான் கையே வைக்கவில்லை. கையை ஊன்றாதீர்கள், தூங்கும்போது முழங்கையில் துண்டைச் சுற்றி மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு முன்பு வேறோர் இடத்தில் முப்பது தடவைக்கான பேக்கேஜ் என்று முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தார், பாவம். பரிசோதிக்காமலே பேக்கேஜ் பேசுகிற இடத்தில் உட்காராதீர்கள். எங்கள் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன்.

அந்த 'டக்' சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், மணிக்கட்டுச் சுரங்கத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அக்காவின் பயமும் நியாயமானதுதான். கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மிக அரிதாக ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. இரண்டு கையும் தடுமாறி, சட்டை பட்டன் போட வராமல், நடையும் தள்ளாடினால் தண்டுவடமே அழுத்தப்பட்டிருக்கலாம். அவர்கள் கழுத்தை யாரிடமும் கொடுக்கக்கூடாது, நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும். திடீரென்று ஒரு பக்கக் கை விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறினால் உடனே 999-ஐ அழையுங்கள்.

நம் ஆட்களிடம் நான் முதலில் விசாரிப்பது இனிப்புநீர், அதாவது நீரிழிவு. மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. நம்மவர்களிடம் இன்னும் அதிகம். இரண்டு பாதமும் சேர்ந்து மரத்தால் சந்தேகம் நேராக அங்கேதான். இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். தைராய்டும் ஒரு காரணம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். எனக்குப் பணம் தருவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

சரி, மணிக்கட்டுதான் என்றால்? ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டி, ஸ்பிளிண்ட் என்பார்கள், பார்மசியில் கிடைக்கும். ஆறு வாரம் விடாமல் போடுங்கள். நான் செய்வது மணிக்கட்டு மூட்டைத் தளர்த்துவது, முன்கைத் தசையை இளக்குவது, நரம்பு வழுக்கிப் போகும்படி சில பயிற்சிகள் சொல்லித்தருவது. லேசான நிலையில் சிலருக்கு உதவும். அதற்குமேல் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆறு வாரத்தில் மரத்துப்போவது குறையவில்லை என்றால் நரம்பு கடத்தல் சோதனை, ஊசி, அறுவை சிகிச்சை என்று டாக்டர் பார்ப்பார். கட்டை விரலுக்கு அடியில் இருக்கும் சதைமேட்டை இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலது பக்கம் சப்பையாகியிருந்தால் ஆறு வாரம் காத்திருக்கவே வேண்டாம், உடனே போங்கள்.

யாரிடம் போனாலும் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2016-ல் வந்த பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின்கீழ் கைரோபிராக்டிக் அங்கீகரிக்கப்பட்ட துறை. சான்றிதழைக் காட்டச் சொன்னால் கோபப்படுகிறவரிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அக்கா, தைக்கிறவர்களுக்கு ஊசியைவிட கத்தரிக்கோல்தான் எதிரி. முனை மழுங்கிப்போன கத்தரிக்கோலால் நான்கு மடிப்புத் துணியை வெட்டும்போது கை எப்படி இறுகுகிறது என்று கவனியுங்கள். முதலில் அதைச் சாணை பிடியுங்கள். மரத்த கையால் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்க்காதீர்கள். இடது கையால் பாருங்கள்.