வெள்ளைப்படுதல்: சிலைடில் நான் பார்த்தது

(மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சம்பா நடவு நேரத்தில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் 28 வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தவள். ‘வெள்ளைப்படுதல்’ என்று சீட்டு எழுதி, அந்த நீரைத் தடவிய கண்ணாடித் துண்டு, அதாவது சிலைடு, எத்தனையோ வந்திருக்கிறது. சீட்டில் ஒரே சொல்தான், சிலைடில் இருப்பதோ வேறு வேறு.

முதலில் நோயில்லாத சிலைடு. அதிலும் கிருமி நிறைய இருக்கும். 1892இல் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த, குச்சி குச்சியான லாக்டோபேசில்லஸ் அவை. பிறப்புறுப்பின் உள்சுவரில் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள் இருக்கிறது. அதிலிருந்து இவை லாக்டிக் அமிலம் செய்கின்றன. மோர் புளிப்பதும் இதே அமிலத்தால்தான். புளிப்பை அளக்கும் பிஎச் எண் அங்கே 4.5க்குக் கீழே நிற்கும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். நெல் தூர் கட்டி நிழல் விழுந்த வயலில் களை தலையெடுக்காது, இல்லையா? அந்தக் காவல்தான் இது.

அந்த நெல் மெலிந்துபோனால் களை கிளம்புகிறது. அதற்குப் பெயர் பாக்டீரியல் வஜைனோசிஸ். 1955இல் கார்ட்னர், டியூக்ஸ் என்ற இரண்டு பேர் இதற்கு ஒரே கிருமிதான் காரணம் என்று எழுதினார்கள். கார்ட்னர் பெயரிலேயே அது இன்று கார்ட்னெரெல்லா. ஆனால் நல்ல உடம்பிலும் அது கொஞ்சம் இருக்கிறது. பிரிவோடெல்லா, மொபிலங்கஸ் என்று ஒரு கூட்டமே சேர்ந்து பெருகினால்தான் தொல்லை. சிலைடில் பார்த்தால் தோல் செல்லின் ஓரமே தெரியாது. ரவையில் புரட்டிய மீன் துண்டு மாதிரி கிருமி அப்பியிருக்கும்.

மீன் என்றதும் சிரிக்கிறீர்கள். அந்த வாடையேதான். மீனில் வாடை தரும் டிரைமெத்திலமைன் என்ற பொருளை இந்தக் கிருமிகளும் உண்டாக்குகின்றன. ஆய்வகத்தில் புளிப்புக்கு நேர் எதிரான காரத்தை ஒரு சொட்டு விட்டால் வாடை குப்பென்று எழும். விந்துவும் காரம், மாதவிலக்கு ரத்தமும் லேசான காரம். அதனால்தான் புருஷனோடு சேர்ந்த பிறகும் விலக்கு நாட்களிலும் வாடை தூக்கலாக இருக்கிறது. இது தெரியாமல் எத்தனை வீட்டில் சந்தேகச் சண்டை!

வாடை வந்தால் நாம் செய்வது என்ன? சோப்பு போட்டு உள்ளே கழுவுவது. கட்டிச் சோப்பின் பிஎச் 9, 10 வரை போகும். களை எடுக்கிறேன் என்று நெல்லைப் பிடுங்குகிற வேலை அது. வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். உள்ளே உடம்பு தானே பார்த்துக்கொள்ளும். இது அழுக்கால் வருவதில்லை அக்கா, சுத்தமில்லாதவள் என்று யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். தயிரை வைக்கலாமா என்று போன ஊரில் ஒருவர் கேட்டார். வேண்டாம். தயிர்க் கிருமி தூரத்துப் பங்காளிதான். அங்கே குடியிருக்கிற லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் வேறு.

மருந்து இருக்கிறது. மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், காலை மாலை, 7 நாள். டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். வாயில் செப்புக்காசை வைத்த மாதிரி இருக்கும். அதனால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள், வாடையும் குறைந்திருக்கும். அப்புறம் அடுத்த மாதம் மறுபடி. முழுசாகச் சாப்பிட்டவர்களுக்கும் திரும்ப வருவதுண்டு. கோரையை மேலே அறுத்தால் கீழே கிழங்கு இருக்கிறதே, அதுபோல இந்தக் கிருமிகள் சுவரில் பிசின் மாதிரி ஒரு படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்கின்றன.

கிழங்கு இன்னொரு வயலிலும் இருந்தால்? 2025இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. பெண்ணுக்கு மருந்து கொடுத்ததோடு அவள் துணைவருக்கும் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். 12 வாரத்துக்குள் மறுபடி வந்தது நூற்றில் 35 பேருக்கு. பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63. மருந்து வாங்கப் பெண்ணை மட்டும் பஸ் ஏற்றிவிடும் வழக்கத்தை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வெள்ளைப்படுதலுக்கு வேறு இரண்டு காரணங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன். திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகப் போய், அரிப்பு உயிரை எடுத்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. அதற்கு மெட்ரோனிடசோல் கேட்காது. நுரைத்து மஞ்சள் பச்சையாகப் போனால் டிரைக்கோமோனாஸ் இருக்கலாம். அது பாக்டீரியா இல்லை, நீந்துகிற ஒற்றைச் செல் உயிர். சிலைடை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் குளிர்ந்து அசையாமல் கிடக்கும், தப்பவிட்டுவிடுவோம். இதற்குப் புருஷனும் கட்டாயம் மருந்து சாப்பிட வேண்டும். சிலைடு பார்க்க வசதியில்லாத இடத்தில் அறிகுறியை வைத்தே பச்சை நிறப் பொட்டலம் கொடுப்பார்கள். பாக்டீரியாவுக்கும் டிரைக்கோமோனாஸுக்கும் செக்னிடசோல், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், இரண்டும் அதில் உண்டு.

கர்ப்பிணிகள் அந்த மீன் வாடையை அலட்சியப்படுத்தக் கூடாது. குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு இதில் கூடுகிறது.

இன்னொன்று. ‘கர்ப்பப்பையை எடுத்துவிடு, வெள்ளை நின்றுவிடும்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தக் கிருமிகள் பெருகும் இடம் யோனி. கர்ப்பப்பையை எடுத்தாலும் யோனி அங்கேயேதான் இருக்கும்.

சரி, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று மைக்கை நீட்டச் சொல்கிறார்கள். யாரும் வாங்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். டீ கொடுக்கும்போது கொல்லைப்பக்கம் அடிபம்பிடம் நிற்கிறேன். ஒவ்வொருவராக வாருங்கள்.